ஐந்து ஓட்டை பொருந்தினால் போதுமா?

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"வணக்கம் அண்ணா. எனக்கு 28 வயது. தோல் தொழில் செய்யும் குடும்பம். போன மாதம் பெங்களூரில் 2012 மாடல் ஆடி டிடி குவாட்ரோ, 2 லிட்டர் பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே ஆசைப்பட்ட கார். இப்போது 18 இன்ச் வீல், 245/40 ஆர்18 டயர் இருக்கிறது. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. டயர் மாற்றும்போதே வீலையும் மாற்றிவிடலாம் என்று சென்னையில் ஒரு கடையில் 20 இன்ச் அலாய் பார்த்து 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். 9.5ஜே அகலம், ஈடி 35, நடு ஓட்டை 66.6, டயர் 255/30 ஆர்20. 'அஞ்சு ஓட்டையும் அப்படியே பொருந்தும், மாட்டிக்கிட்டுப் போகலாம்' என்கிறார்கள். பின்னால் மட்டும் 275 போட்டால் இன்னும் கெத்தாக இருக்கும் என்கிறான் நண்பன். வாரம் ஒரு முறை ஏலகிரி போவேன், மாதம் இரண்டு முறை பெங்களூர். சில சமயம் அம்மாவும் கூட வருவார். இது பாதுகாப்பாகப் பொருந்துமா?"

அன்புள்ள தம்பி,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 20 இன்ச் செட் வேண்டாம். மாட்ட முடியும், வண்டியும் ஓடும். ஆனால் நீங்கள் கேட்டது பாதுகாப்பாகப் பொருந்துமா என்று. பொருந்தாது. ஏன் என்று புரிந்துகொண்டால் இனி எந்தக் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் 22 வருடமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். வீல் மாற்றிய பிறகு ஏதோ கோளாறு என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஐந்து ஓட்டை சரியாகத்தான் பொருந்தியிருக்கும். உங்கள் காருக்கு அது 5×112. அதாவது ஐந்து போல்ட்டுகள், அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 112 மில்லிமீட்டர். மெர்சிடிஸ் வீலும் 5×112தான். ஓட்டை ஒன்றுபோல இருப்பதால் அந்த வீல் உங்கள் காருக்குரியது ஆகிவிடாது.

எல்லோரும் கோட்டைவிடுவது ஆஃப்செட்டில்தான். வீலில் ஈடி என்று போட்டிருக்குமே, அதுதான். வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது வண்டியில் வீலைத் தாங்கும் நடுப்பகுதியில், போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறதோ அது ஈடி. எண் கூடினால் வீல் வண்டிக்கு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

இப்போது உங்கள் வீலையும் கடைக்காரர் காட்டிய வீலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இந்த டிடிக்குக் கம்பெனி கொடுக்கும் 18 இன்ச் வீல் 9ஜே, ஈடி 52. 9 இன்ச் என்றால் 228.6 மில்லிமீட்டர், அதில் பாதி 114.3. அதில் 52 போனால் 62.3. ஹப் முகத்திலிருந்து வீலின் வெளி விளிம்பு அவ்வளவு தூரம். கடைக்காரரின் வீல் 9.5 இன்ச், பாதி 120.65. அதில் 35 போனால் 85.65. வித்தியாசம் 23 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து உங்கள் வீலின் விளிம்பில் வெளிப்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். நான்கு வீலும் அவ்வளவு தூரம் வெளியே வந்து நிற்கும்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் முழுக்க இடப்பக்க வீல்களுக்குப் போகும், ஸ்பிரிங் அமுங்கும், மட்கார்டு இறங்கி டயருக்குக் கிட்ட வரும். பக்கத்தில் ஒரு ஆள், டிக்கியில் ஒரு பை, வளைவிலேயே ஒரு சின்னப் பள்ளம், இவை ஒன்றாகச் சேர்ந்தால் போதும். மட்கார்டின் உள்விளிம்பில் மடித்து விட்டிருக்கும் தகடு டயரின் தோளைத் தொடும். முதலில் கோடு விழும். அப்புறம் பிளேடு போட்ட மாதிரி அறுக்கும். டயர் சுழலும் வேகத்தில் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. "மட்கார்டை உள்பக்கம் மடித்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். பெயின்ட் வெடித்து மழையில் துரு பிடித்த மட்கார்டுகளைப் பார்த்துவிட்டேன். உங்கள் காருக்கு அந்த வேலை வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஈடி 17 குறைந்தால் டயர் தரையைத் தொடும் இடமும் 17 மில்லிமீட்டர் வெளியே போகும். ஸ்டியரிங்கின் இயல்பையே அது மாற்றிவிடும். ரோட்டில் ஒரு வரி பள்ளம் இருந்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு பக்க வீல் மணலிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் இந்த இழுவை நன்றாகத் தெரியும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

சரி, இப்போது டயருக்கு வருவோம். 245/40 ஆர்18 என்பதில் 245 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது அந்த அகலத்தில் 40 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 98 மில்லிமீட்டர். 18 ரிம்மின் விட்டம், இன்ச்சில். 18 இன்ச் 457.2 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் 196. கூட்டினால் முழு டயரின் விட்டம் 653. கடைக்காரரின் 255/30 ஆர்20 விட்டம் 661. இந்த 8 மில்லிமீட்டர் பெரிதில்லை, ஒன்றேகால் சதவீதத்துக்குள்தான். மீட்டர் 100 காட்டும்போது ஒரு கிலோமீட்டர் சொச்சம் கூட ஓடுவீர்கள், அவ்வளவுதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

பக்கச்சுவர்தான் என் கவலை. 98 இருந்தது 76 சொச்சமாகிவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். நம் ரோடு உங்களுக்குத் தெரியும். ஆறு வழிச் சாலையில் வரும்வரை சுகம். இறங்கி சர்வீஸ் ரோட்டுக்கு வந்தால், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருக்களுக்குள் வந்தால், பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் இருட்டில் ஏறினால், அந்த 22 மில்லிமீட்டர் இல்லாததை ஒவ்வொரு முறையும் உணர்வீர்கள். அடி பலமாக விழுந்தால் பக்கச்சுவருக்குள் இருக்கும் நூல்கள் அறும். மறுநாள் காலையில் பார்த்தால் டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருக்கும். வீங்கிய டயருக்கு ஒட்டுப் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். வீங்கிய டயரோடு "பெங்களூர் போய் வந்து மாற்றிக்கொள்கிறேன்" என்று கிளம்பினால் அது வெடிக்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

டயரின் ஓரத்தில் அளவுக்குப் பிறகு ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும், 93ஒய் என்பது போல. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. எண் ஒரு டயர் தாங்கும் பாரத்தைச் சொல்லும். 93 என்றால் 650 கிலோ. எழுத்து வேகம். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர், டபிள்யூ 270, வி 240. உங்கள் அளவில் கம்பெனி கொடுப்பது 93. கடைக்காரர் காட்டும் 255/30 ஆர்20இல் பொதுவாக வருவது 92, அதாவது 630 கிலோ. அதையும் முழுதாகத் தாங்க 42 பிஎஸ்ஐ வரை காற்று வேண்டும். அதிகப் பணம் கொடுத்து, பெரிய வீல் போட்டு, குறைவாகத் தாங்கும் டயர் வாங்குவதில் என்ன நியாயம்? கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே எப்போதும் போகாதீர்கள். இது எந்தக் காருக்கும் பொருந்தும்.

வீலுக்கும் பாரக் கணக்கு உண்டு. அலாய் வீலின் பின்பக்கம், ஸ்போக்கின் மேல், எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சில் வார்த்திருப்பார்கள். அகலமும் ஈடியும் அங்கேயே இருக்கும். பின்பக்கம் மொழுக்கென்று எதுவும் எழுதாமல் இருக்கும் வீலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள்.

நண்பர் சொன்ன 275 விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். உங்களுடையது குவாட்ரோ, அதாவது நான்கு வீலுக்கும் சக்தி போகும் வண்டி. முன் வீலும் பின் வீலும் எவ்வளவு வேகத்தில் சுழல்கின்றன என்பதைப் பார்த்துத்தான் பின்பக்கத்துக்கு எவ்வளவு சக்தி அனுப்புவது என்று அதன் கிளட்ச் முடிவெடுக்கிறது. பின்னால் 275/30 ஆர்20 போட்டால் அதன் விட்டம் 673, முன்னால் 661. நேராக ஓடும்போதுகூட முன் வீல் வழுக்குகிறது என்று வண்டி நினைத்துக்கொண்டே இருக்கும், கிளட்ச் சும்மா தேயும், சூடாகும். இந்தக் காரில் நான்கும் ஒரே அளவு, ஒரே பிராண்ட், ஒரே பேட்டர்ன். மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். புது டயர் இரண்டு, பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பர்) தேய்ந்த டயர் இரண்டு என்று ஓட்டுவதும் இதே கோளாறைத்தான் கொண்டுவரும்.

அடுத்து நான் சொல்லப்போவது நீங்கள் கடிதத்தில் கேட்காத விஷயம். ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் உங்கள் காரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடான் வந்தது. வெளியூரில் எங்கோ புது அலாய் மாட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாலாஜா டோல் தாண்டியதிலிருந்து ஸ்டியரிங் உதறுகிறது, பேலன்சிங் பண்ணிக் கொடுங்கள் என்றார் ஓட்டி வந்தவர். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன் இடது வீலில் ஸ்பானரை வைத்ததுமே முதல் போல்ட் பலம் கொடுக்காமலே சுற்றியது. மூன்று போல்ட்டைக் கையாலேயே கழற்றினேன். வீலை இறக்கி ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் தலை அழுந்தி உட்கார வேண்டிய இடம் முழுக்கப் பளபளப்பாக இருந்திருக்க வேண்டும். இருந்தது கம்பி மாதிரி ஒரே ஒரு மெல்லிய வெள்ளி வளையம். ஒரு ஓட்டை வட்டமாகவே இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. விரலை விட்டு எடுத்தால் சாம்பல் நிறத்தில் அலுமினியத் தூள்.

நடந்தது இதுதான். ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் கம்பெனி போல்ட்டில் தலைக்குக் கீழ்ப்பகுதி உருண்டையாக, பந்து மாதிரி இருக்கும். வெளியே விற்கும் அலாய்களில் அநேகமாக ஓட்டை கூம்பு வடிவில் குடைந்திருக்கும். பந்தைக் கூம்புக்குள் வைத்தால் ஒரு கோட்டில் மட்டும் தொடும். முறுக்கும்போது இறுகின மாதிரிதான் இருக்கும். ஓட ஓட அந்தக் கோடு தேய்ந்து போல்ட் தளர்ந்துவிடும். அந்தக் கடையில் பழைய போல்ட்டையே போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்று இரவு அவர் ஆம்பூர் தாண்டிப் போக வேண்டியவர். நான் விடவில்லை. பழைய வீல்களை மறுநாள் வரவழைத்து மாட்டித்தான் அனுப்பினேன்.

எனவே எந்த வீல் வாங்கினாலும், போல்ட் உட்காரும் இடம் பந்தா கூம்பா என்று முதலில் பாருங்கள். அதற்கேற்ற போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் காருக்கு 14 மில்லிமீட்டர் தடிமன், மரையின் இடைவெளி 1.5. போல்ட்டைக் கையால் சுற்றும்போது குறைந்தது ஏழெட்டு முழுச் சுற்று உள்ளே போக வேண்டும். அதற்குக் குறைந்தால் போல்ட் குட்டை. இறுதி இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, ஒன்றை முறுக்கினால் அடுத்தது எதிரில் இருப்பது என்ற வரிசையில். காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ரென்று அடித்து முடிக்கிற பையனைப் பக்குவமாக நிறுத்தி, டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், உங்கள் கார். 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் ஒரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

நடு ஓட்டையும் அப்படித்தான். உங்கள் ஹப் 57.1 மில்லிமீட்டர், அந்த வீல் 66.6. நடுவில் வளையம் போடாமல் மாட்டினால் வீல் மையத்தில் உட்காராது, 90, 100 வேகத்தில் உதறும். வளையம் போடுவதென்றால் அலுமினியத்தில் போடுங்கள். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பிரேக் கொதிக்கும், பிளாஸ்டிக் வளையத்தை நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் எதைப் போடுவது? என் முதல் யோசனை, இருக்கும் 18 இன்ச் வீலையே வைத்துக்கொண்டு நல்ல 245/40 ஆர்18 டயர் நான்கு வாங்குங்கள். இன்னும் பல கார்களுக்கும் போகும் அளவு என்பதால் பல பிராண்டுகளில் கிடைக்கும், அவசரத்துக்கு ஒன்று தேடினாலும் அலைய வேண்டியிருக்காது. அந்த 20 இன்ச்சுக்குச் செலவழிக்கும் பணத்தில் மிகச் சிறந்த டயரே வாங்கிவிடலாம். வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது டயர்தான், வீலின் டிசைன் இல்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி, முதுகு வலி இருந்தால் 17 இன்ச்கூட நல்லது. 8.5ஜே, ஈடி 50 வீலில் 245/45 ஆர்17. விட்டம் அதே 652, பக்கச்சுவர் 110. இதுவும் இந்தக் காருக்குக் கம்பெனியே கொடுத்த அளவுதான்.

பெரிய வீல் போட்டே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், 19 வரை போகலாம். 9ஜே, ஈடி 52, டயர் 255/35 ஆர்19, பார எண் 96. இதுவும் கம்பெனி இந்த மாடலுக்குக் கொடுத்தது. விட்டம் அதே 661, பக்கச்சுவர் 89, ஒவ்வொரு டயரும் 710 கிலோ தாங்கும். மட்கார்டுக்குள் கச்சிதமாக உட்காரும். வெளிக்கடை வீலில் சரியாக 52 கிடைக்காவிட்டால், 9ஜே அகலத்தில் 45 வரை பார்க்கலாம். 7 மில்லிமீட்டர்தான் வெளியே வரும். அதற்கும் கீழே வேண்டாம். ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டுச் சரிக்கட்டலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

வாங்கும் முன் ஒரே ஒரு வீலை மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். இந்த வேலைக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் சப்பாத்தி மாவு கொண்டு போங்கள், சிரிக்காமல் கேளுங்கள். நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக, மட்கார்டின் உள்விளிம்பில் மூன்று இடம், உள்ளே ஷாக் பக்கம் ஒன்று, பிரேக் காலிபர் மேல் ஒன்று ஒட்டுங்கள். வீலை மாட்டிக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி வரை ஒடியுங்கள். அப்புறம் காரில் இரண்டு பேரை உட்காரவைத்து, எதிர்மூலை வீலை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். இந்த மூலை நன்றாக அமுங்கும். கழற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று நசுங்கிய மாவு சொல்லிவிடும். காலிபர் பக்கம் 3, மற்ற இடங்களில் 5, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் மாட்ட மாட்டேன். கடைக்காரர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3523 என்றால் 2023ஆம் வருடம் 35ஆவது வாரம் தயாரானது. மெதுவாக விற்கும் அளவுகள் குடோனில் வருடக்கணக்கில் கிடக்கும். நம் ஊர் வெயிலில் அது ரப்பருக்கு நல்லதில்லை. ஒரு வருடத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள்.

காற்று எவ்வளவு என்பது கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். கத்திரி வெயிலில் வாலாஜாவிலிருந்து ஓடிவந்த டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் குறைந்துவிடும்.

சட்டப்படியும் ஒரு வார்த்தை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் வீலை விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்காமல் விட மாட்டார். கம்பெனி அளவுக்குள் இருந்தால் இந்தத் தலைவலி கிடையாது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரும் விதிப்படி ஓடக் கூடாது. நான்கும் தேய்ந்துவிட்டன என்கிறீர்கள். புது டயர் போடும்வரை தயவுசெய்து ஏலகிரி போகாதீர்கள், முக்கியமாக மழை நாளில்.

அட்வான்ஸ் கொடுத்த கடையில் சண்டை போட வேண்டாம். மேலே போட்ட கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் அதே 20,000க்கு 245/40 ஆர்18 டயர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் வியாபாரம்தானே.

டயர் வாங்கியதும் அலைன்மென்ட்டுக்கு எங்கே போனாலும் சரி, கிளம்பும் முன் டிக்கியில் டூல் பையைத் திறந்து பாருங்கள். வீல் திருடு போகாமல் இருக்க ஒவ்வொரு வீலிலும் ஒரு போல்ட்டுக்குத் தனி வடிவத் தலை இருக்கலாம். அதைக் கழற்றும் சின்ன அடாப்டர் அந்தப் பையில்தான் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் பாதிக்குப் பாதி அது தொலைந்துபோயிருக்கும். இல்லையென்றால் விற்றவரிடம் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். அது இல்லாமல் ரோட்டில் பஞ்சர் ஆனால் யாராலும் அந்த வீலைக் கழற்ற முடியாது.